நாலு பேருக்கு நெஞ்சு வலி – ஸ்கேன் யாருக்கு?



வீட்டில் யாராவது "நெஞ்சு வலிக்குது" என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்? பாதிப் பேர், "அது வாய்வுதான், ஒரு சோடா குடிங்க, சரியாயிடும்" என்போம். மீதிப் பேர், "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம், எல்லாம் தெரிஞ்சிடும்" என்போம். முதல் பேச்சு தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பேச்சும் சில நேரம் தப்பாகப் போகும். அது எப்படி என்றுதான் இந்த இதழ் அறிவியல் பகுதியில் பார்க்கப் போகிறோம்.

கொஞ்சம் நீளமான கட்டுரைதான். மதிய இடைவேளையில் நின்று நிதானமாகப் படியுங்கள். நடுவில் ஒரு கணக்குப் புதிரும், கடைசியில் வினா விடையும் இருக்கிறது.

★ ஒரே வலி, பல காரணம்

நம் நெஞ்சுக் கூட்டுக்குள் இதயம் மட்டும் இல்லை. நுரையீரல், உணவுக்குழாய், பெருந்தமனி, விலா எலும்பு, தசை, நரம்பு எல்லாம் நெருக்கியடித்துக் கொண்டு இருக்கின்றன. இதில் யாருக்கு வலித்தாலும் நமக்கு "நெஞ்சு வலி" என்றுதான் தெரியும். புளியேப்பம், தசைப்பிடிப்பு, சளி, மனப் பதற்றம் இவற்றாலும் நெஞ்சு வலி வரும். அமெரிக்காவில் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மக்கள் நெஞ்சு வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இருப்பதில்லை.

அப்படியானால் பயமில்லை என்று விட்டுவிடலாமா? கூடாது. ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்குள் மூன்று கொலைகாரர்கள் ஒளிந்திருப்பார்கள்.

1. மாரடைப்பு: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் கரோனரித் தமனி அடைத்துக் கொள்வது.

2. பெருந்தமனிக் கிழிசல்: இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் உள்சுவர் கிழிவது. பெருந்தமனியின் சுவர் வாழைத்தண்டைச் சுற்றிய மட்டை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பொய்யாக ஒரு வழி உண்டாக்கிக் கொள்ளும். எந்த நேரமும் வெளிச்சுவரும் உடையலாம்.

3. நுரையீரல் தமனி அடைப்பு: பெரும்பாலும் கால் சிரையில் உறைந்த ரத்தக் கட்டி பிய்த்துக் கொண்டு, இதயத்தின் வலது பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் மாட்டிக் கொள்வது.

டாக்டரின் வேலை, கூட்டத்தில் இந்த மூவரில் யாராவது இருக்கிறார்களா என்று சீக்கிரம் கண்டுபிடிப்பது.

★ நாலு பேர் வருகிறார்கள்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. இரவு 9 மணி. (இது பாடத்துக்காகச் சொல்லும் கற்பனை.) ஒரே நேரத்தில் நாலு பேர் வருகிறார்கள். நாலு பேரும் சொல்வது ஒன்றே, "டாக்டர், நெஞ்சு வலிக்குது."

மாமா, வயது 52. நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்துகிறது. வலி இடது கைக்கும் தாடைக்கும் போகிறது. சட்டை நனையும் அளவு வியர்வை.

தாத்தா, வயது 68. ரத்தக் கொதிப்பு உண்டு, ஆனால் மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார். திடீரென்று துணியைக் கிழித்த மாதிரி வலி, முதுகுக்குப் போகிறது. வலது கையில் ரத்த அழுத்தம் ஒரு அளவு, இடது கையில் வேறு அளவு.

அக்கா, வயது 27. பத்து நாளுக்கு முன் ஆபரேஷன் மூலம் குழந்தை பிறந்தது. மூச்சை இழுத்தால் குத்துகிறது, மூச்சு வாங்குகிறது. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கியிருக்கிறது.

சித்தப்பா, வயது 47. சர்க்கரை நோய் உண்டு, சிகரெட் பழக்கம் உண்டு. சாயங்காலத்திலிருந்து வலி விட்டு விட்டு வருகிறது. "இப்ப ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போகட்டா?" என்று கேட்கிறார்.

சி.டி. ஸ்கேன் அறை ஒன்றுதான். நீங்கள் டாக்டராக இருந்தால் யாரை முதலில் அனுப்புவீர்கள்? யோசித்து வையுங்கள். அதற்கு முன் அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்வோம். அது தெரிந்தால் விடை தானாக வரும்.

★ வெட்டாமல் வெட்டிப் பார்ப்பது எப்படி?

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதற்காக 1901-ல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் சாதாரண எக்ஸ்ரே படம் ஒரு நிழல்தான். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும்.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. என்ற நிறுவனம் (ஆமாம், இசைத்தட்டு போட்ட அதே கம்பெனிதான்!) ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளரை வேலைக்கு வைத்திருந்தது. ஒரே பக்கமிருந்து பார்த்தால் நிழல். சுற்றிச் சுற்றிப் பல பக்கமிருந்து பார்த்துக் கணக்குப் போட்டால் உள்ளே இருப்பதையே கண்டுபிடிக்கலாமே என்று அவர் நினைத்தார். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் விம்பிள்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையை அவருடைய மெஷின் படம் எடுத்தது. இதற்கான கணிதத்தைத் தனியாக முன்பே எழுதி வைத்திருந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்மாக். இருவருக்கும் 1979-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை என்பதைக் கணக்குப் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்!

கணக்குப் புதிர்: நாலு கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் அ, ஆ. கீழ் வரிசையில் இ, ஈ. உள்ளே இருக்கும் எண்கள் நமக்குத் தெரியாது. கூட்டுத்தொகை மட்டும் தெரியும்.
மேல் வரிசை: அ + ஆ = 7
கீழ் வரிசை: இ + ஈ = 8
இடது பக்கம்: அ + இ = 6
வலது பக்கம்: ஆ + ஈ = 9
இந்த நாலையும் வைத்து விடை கண்டுபிடித்துப் பாருங்கள். ஒரே விடை வராது, பல விடை வரும். இப்போது குறுக்காக ஒரு கூட்டுத்தொகை தருகிறேன்: அ + ஈ = 12. இப்போது போடுங்கள், ஒரே விடைதான். (விடை கடைசியில்.)

இதுதான் சி.டி. ஸ்கேன்! ஒவ்வொரு திசையிலும் எக்ஸ் கதிர் உடம்புக்குள் நுழைந்து எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்பதே "கூட்டுத்தொகை". இன்னும் ஒரு திசையைச் சேர்த்தால் குழப்பம் தீருகிறது. நம் புதிரில் 4 கட்டம். மெஷினில் ஒரு தளத்துக்கு லட்சக்கணக்கான கட்டம். அதனால்தான் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கிய மாதிரி உடம்பு தளம் தளமாகத் தெரியும், கத்தியே படாமல்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் வருகிற எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரையே வைத்திருக்கிறார்கள்.
காற்று: –1000
கொழுப்பு: சுமார் –100
தண்ணீர்: 0
ரத்தம்: சுமார் +40
கெட்டியான எலும்பு: +1000 வரை

★ சாயம் ஏன்? நேரம் ஏன்?

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ரத்தம் சுமார் 40. ரத்தக் குழாயின் சுவரும் கிட்டத்தட்ட அதே. குழாயில் அடைத்திருக்கும் கட்டியும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அடைப்பு எங்கே, கிழிசல் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் அயோடின் கலந்த சாய மருந்தைக் கை சிரையில் வேகமாக ஏற்றுகிறார்கள். அயோடின் எக்ஸ் கதிரை நன்றாகத் தடுக்கும். சாயம் கலந்த ரத்தம் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். சாயம் போக முடியாத இடம், அதாவது கட்டி, கறுப்பாக நிற்கும். ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவிய மாதிரியும், சிறுநீர் வந்துவிட்ட மாதிரியும் இருக்குமாம். அது வெறும் உணர்வுதான், அரை நிமிடத்தில் போய்விடும்.

இப்போது நம் விலங்கியல் பாடத்தில் படித்த ரத்த ஓட்டப் பாதையை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். கை சிரையில் ஏறிய சாயம் எந்த வழியாகப் போகும்?

கை சிரை → வலது ஏட்ரியம் → வலது வென்ட்ரிக்கிள் → நுரையீரல் தமனி → நுரையீரல் → இடது ஏட்ரியம் → இடது வென்ட்ரிக்கிள் → பெருந்தமனி → கரோனரித் தமனி

பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாதை இங்கே உயிர் காக்கிறது! சாயம் முதலில் நுரையீரல் தமனிக்கு வரும். சில வினாடி கழித்துத்தான் பெருந்தமனிக்கும் கரோனரிக்கும் வரும். எனவே நுரையீரல் அடைப்பைத் தேடினால் ஒரு நேரத்தில் படம் எடுக்க வேண்டும். பெருந்தமனியைத் தேடினால் இன்னொரு நேரத்தில் எடுக்க வேண்டும். நேரம் தவறினால், பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நின்று போட்டோ எடுத்த கதைதான்.

இதில் கரோனரி இன்னும் கஷ்டம். அது 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னக் குழாய். போதாக்குறைக்குத் துடிக்கும் இதயத்தின் மேலே ஒட்டிக் கொண்டு ஆடுகிறது. ஓடுகிற பையனை போட்டோ எடுத்தால் முகம் கலங்குமே, அதே மாதிரி. அதனால் மூன்று தந்திரம் செய்கிறார்கள். ஒன்று, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்து, முடிந்தால் நிமிடத்துக்கு 60 பக்கம் கொண்டு வருவது. இரண்டு, நாக்குக்கு அடியில் ஒரு மருந்து வைத்துத் தமனியைக் கொஞ்சம் விரிப்பது. மூன்று, இ.சி.ஜி.யைக் கூடவே இணைத்து, இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் ஓய்வாக இருக்கும் அந்த நொடியின் படத்தை மட்டும் எடுத்துக் கொள்வது. ஒரே சுற்றில் 64 தளம் எடுக்கும் மெஷின்கள் 2004 வாக்கில் வந்த பிறகுதான் இது நன்றாக நடைமுறைக்கு வந்தது.

ஆகவே நண்பர்களே, முக்கியமான விஷயம் இதுதான்: "நெஞ்சு ஸ்கேன்" என்று ஒரே ஒரு ஸ்கேன் கிடையாது. மெஷின் ஒன்று, ஆனால் கேள்வி வேறு வேறு. என்ன கேள்வி என்று சொல்லாமல் அனுப்பினால் மெஷின் சரியான பதில் சொல்லாது. சாயம் போடாமல் எடுத்த ஒரு சாதாரண நெஞ்சு ஸ்கேனைக் காட்டி "ரிப்போர்ட் நார்மல், அடைப்பு இல்லை" என்று சொல்லவே முடியாது.

★ இப்போது நாலு பேருக்கும் விடை

டாக்டர் நாலு பேருக்கும் முதலில் செய்வது ஸ்கேன் அல்ல. பேச்சுக் கேட்கிறார், கை பிடித்து நாடி பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார். வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. ஒரு காகிதத் துண்டுதான், ஆனால் அதுதான் வழிகாட்டும் பலகை.

மாமாவின் இ.சி.ஜி.யில் எஸ்.டி. என்ற பகுதி மேலே தூக்கி நிற்கிறது. இது பெரிய தமனி முழுசாக அடைத்த மாரடைப்பு. இவருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டாம்! ஸ்கேனுக்கு அனுப்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக் கொண்டிருக்கும். நேராக ஆஞ்சியோ அறைக்குப் போய் 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்துத் திறக்க வேண்டும். அந்த வசதி கிட்டத்தில் இல்லையென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். நாலு பேரில் மிக அவசரமானவர்களில் ஒருவர் இவர். ஆனால் ஸ்கேன் வரிசையில் இவர் பெயரே கிடையாது.

தாத்தாவுக்கு உடனே ஸ்கேன். கேள்வி: பெருந்தமனி கிழிந்திருக்கிறதா? இங்கே ஒரு பயங்கரம் இருக்கிறது. கிழிசலை மாரடைப்பு என்று தப்பாக நினைத்து, கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால் என்ன ஆகும்? கிழிந்த குழாயில் ரத்தம் உறையாமல் கசியும், உயிரே போகலாம். ஒருவருக்கு அமிர்தமான மருந்து இன்னொருவருக்கு விஷம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு சி.டி. படம் சில நிமிடம் போதும். இதயத்தை ஒட்டிய மேல் பகுதி கிழிந்திருந்தால் உடனே ஆபரேஷன்.

அக்காவுக்கும் ஸ்கேன். கேள்வி: நுரையீரல் தமனியில் கட்டி மாட்டியிருக்கிறதா? பிரசவம், ஆபரேஷன், பல நாள் படுக்கை இவற்றுக்குப் பிறகு கால் சிரையில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். சாயம் நுரையீரல் தமனிக்கு வரும் நொடியில் படம் எடுத்தால், வெள்ளைக் குழாய்க்குள் கறுப்பாகக் கட்டி தெரியும். கண்டுபிடித்துவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக் கொள்வதுதான் ஆபத்து.

சித்தப்பாவிடம்தான் சிக்கல். இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. ட்ரோபோனின் என்று ஒரு புரதம் உண்டு. இதயத் தசை அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். அதையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. மாரடைப்பு இல்லை. ஆனால் சர்க்கரை, சிகரெட், விட்டு விட்டு வலி. வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? இந்த மாதிரி "நடுத்தர ஆபத்து" உள்ளவருக்குத்தான் கரோனரி சி.டி. ஆஞ்சியோகிராம் கைகொடுக்கிறது. தமனிகள் சுத்தமாக இருந்தால் தைரியமாக வீட்டுக்கு அனுப்பலாம். பெரிய அடைப்பு இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து அடுத்த சிகிச்சை.

"ஏன், மூணு கேள்வியையும் ஒரே ஸ்கேன்ல கேட்டுட்டா என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்படி ஒரு முறையும் இருக்கிறது. ஆனால் கதிர் கூடும், சாயமும் கூடும், படத்தின் தரமும் சில நேரம் குறையும். அதனால் எல்லாருக்கும் அதைச் செய்வதில்லை.

★ டாக்டருக்கே வந்த நெஞ்சு வலி (உண்மைச் செய்தி)

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற உலகப் புகழ் பெற்ற இதய அறுவை நிபுணர் இருந்தார். பெருந்தமனிக் கிழிசலுக்கு ஆபரேஷன் செய்யும் முறையை 1950-களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர். கிழிசலை எப்படி வகை பிரிப்பது என்பதற்கே அவர் பெயரில் ஒரு முறை உண்டு. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், வீட்டில் இருந்தபோது அவருக்கே கடுமையான நெஞ்சு வலி வந்தது. படம் எடுத்துப் பார்த்ததில், அவர் ஆயுள் முழுக்க வைத்தியம் பார்த்த அதே பெருந்தமனிக் கிழிசல்! 2006 பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி எழுந்தார். 2008 ஜூலையில், 100 வயதுக்குச் சில வாரம் இருக்கும்போது இறந்தார்.

பெருந்தமனியைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவரின் வலிக்கும் படம்தான் கடைசியில் பதில் சொன்னது. அப்படியிருக்க, நாம் வீட்டில் உட்கார்ந்து கொண்டு "இது வாய்வு வலிதான்" என்று எப்படி முடிவு கட்டலாம்?

★ ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு சி.டி. உண்மையிலேயே பயன்படுகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2012-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் பெயர் ரோமிகேட்-2. 9 ஆஸ்பத்திரி, 1000 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே கரோனரி சி.டி., மீதிப் பேருக்கு வழக்கமான முறை. சி.டி. எடுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் சராசரியாக 7 மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நேராக அவசர பிரிவிலிருந்தே வீட்டுக்குப் போனவர்கள் சி.டி. குழுவில் 47 சதவீதம், மற்ற குழுவில் 12 சதவீதம். அதே 2012-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், சி.டி.யில் பெரிய அடைப்பு இல்லை என்று வந்த 640 பேரில் அடுத்த 30 நாளில் ஒருவருக்கும் மாரடைப்போ இதய மரணமோ வரவில்லை. அதாவது, "இல்லை" என்று சி.டி. சொன்னால் அதை நம்பலாம்.

ஆனால் நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ரோமிகேட்-2 ஆய்வில் சி.டி. குழுவினருக்கு அடுத்தடுத்த பரிசோதனைகள் அதிகமாயின, கதிரும் அதிகமானது, மொத்தச் செலவு குறையவில்லை. 2021-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 37 ஆஸ்பத்திரிகளில் 1748 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மாரடைப்பு சந்தேகம் கொஞ்சம் அதிகமாக உள்ளவர்களில் பாதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இறப்பிலும் மாரடைப்பிலும் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன தெரிகிறது? ஸ்கேன் நல்ல கருவி, ஆனால் எல்லாருக்கும் எடுத்துவிட்டால் நல்லது நடந்துவிடும் என்பது இல்லை. 2021-ல் அமெரிக்க இதய சங்கங்கள் வெளியிட்ட நெஞ்சு வலி வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தவருக்கு அவசர ஸ்கேன் தேவையில்லை; நடுத்தர ஆபத்து உள்ளவருக்குப் பயன்படும்.

★ ஸ்கேனுக்கும் விலை உண்டு

பணத்தை மட்டும் சொல்லவில்லை.

கதிர்: பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிர் படுகிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதில் மிகச் சின்னப் பங்கு, 0.1 மில்லி சீவர்ட்டுக்குள். கரோனரி சி.டி. ஆரம்ப காலத்தில் 10-க்கு மேல் போனது. நல்ல புது மெஷின்களில் 2 முதல் 5 வரை குறைத்துவிட்டார்கள். ஒரு முறை எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம். காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

சாயம்: சிலருக்கு ஒவ்வாமை வரும். சிறுநீரகம் கெட்டிருப்பவருக்கு அதிக கவனம் வேண்டும். கர்ப்பிணிகள் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும்.

படமே ஏமாற்றும் இடங்கள்: வயதானவர்களின் தமனியில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால், அது படத்தில் பளிச்சென்று பெருத்துத் தெரிந்து அடைப்பை மிகைப்படுத்தும். ஏற்கெனவே வைத்த சின்ன ஸ்டென்டின் உள்ளே பார்ப்பது கஷ்டம். துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் கலங்கும்.

இன்னொன்று: சி.டி. சுத்தமாக வந்துவிட்டது என்பதற்காகச் சித்தப்பா வெளியே வந்து ஒரு சிகரெட் பற்ற வைத்தால், அடுத்த ஐந்து வருடத்துக்கு யார் உத்தரவாதம்? படம் இன்றைய நிலைமையைத்தான் சொல்லும்.

★ நாம் என்ன செய்யணும்?

நாம் டாக்டர் இல்லை, மாணவர்கள். ஆனால் வீட்டில் வலி வரும்போது பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நாம்தான். அதனால் இவற்றை மனதில் வையுங்கள்.

1. நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். நோயாளியை வண்டி ஓட்டவிடாதீர்கள், மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

2. பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெளிவாக இல்லாமல் வெறும் சோர்வு, குமட்டல், மூச்சு வாங்குவது என்று மட்டும் வரலாம். "அம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

3. நேராக ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள். அங்கே மெஷின் இருக்கும். கேள்வி கேட்கும் டாக்டரும், உயிர் காக்கும் மருந்தும் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் இ.சி.ஜி. வசதி உள்ள ஆஸ்பத்திரி.

4. கிராமத்தில் இருப்பவர்கள் கவனிக்க: 2023-ல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆனால் நீங்களாக வீட்டில் மாத்திரை கொடுக்காதீர்கள். தாத்தாவின் கதை ஞாபகம் இருக்கட்டும்: மாரடைப்புக்கு நல்ல மருந்து கிழிசலுக்கு ஆபத்து.

5. கூடப் போகிறவர் இவற்றைச் சொல்லத் தயாராக இருக்கணும்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், மருந்து ஒவ்வாமை உண்டா, சிறுநீரக நோய் உண்டா. பழைய இ.சி.ஜி. இருந்தால் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். டாக்டர் சரியான கேள்வி கேட்பதற்கு இதெல்லாம் பெரிய உதவி.

6. "டாக்டர் ஸ்கேனே எழுதலையே" என்று சண்டை போடாதீர்கள். "எதுக்காக ஸ்கேன் வேண்டாம், எதுக்காக வேணும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

★ வினா விடை

1. நாலு பேரில் ஸ்கேன் இல்லாமலே சிகிச்சைக்குப் போக வேண்டியவர் யார்?
2. சாயம் முதலில் எட்டுவது நுரையீரல் தமனியையா, பெருந்தமனியையா?
3. தண்ணீரின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்ன?
4. நெஞ்சு வலி நோயாளி வந்து எத்தனை நிமிடத்துக்குள் இ.சி.ஜி. பார்க்க வேண்டும்?
5. கட்டி கரைக்கும் ஊசி யாருக்கு ஆபத்து, ஏன்?

விடைகள்: (1) மாமா (2) நுரையீரல் தமனி (3) 0 (4) 10 (5) தாத்தாவுக்கு. பெருந்தமனி கிழிந்திருந்தால் ரத்தம் உறையாமல் கசிந்து உயிருக்கே ஆபத்து.

கணக்குப் புதிர் விடை: அ = 5, ஆ = 2, இ = 1, ஈ = 7. கூட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

நண்பர்களே, இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். மேலே பெரிதாக 108 என்று எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.



– பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு